ரேடியோவின் பாதி முகம்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளும்போது ஆரம்பிக்கிற பேச்சு, சாயங்காலம் அதைக் கீழே இழுக்கும்வரை ஓயாது. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்து முடிப்பதற்குள் தங்கள் வீட்டுக் கதையில் பாதியைச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதையில் பாதியை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த ரேடியோவை ஒரு நாள்கூடக் கேட்டிராத ஒரே ஆள் அவளுடைய கணவர்தான் என்று தெருவில் ஒரு பழைய கேலி உண்டு. அதை ஆரம்பித்துவைத்ததே அவள்தான்.

கணவர் தையல்காரர். சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. அதற்குமுன்பே பேசக் கற்றிருந்ததால் பேச்சு மட்டும் தப்பியது. ஆனால் அது ஏற்ற இறக்கம் இல்லாமல், இஸ்திரி போட்ட துணி மாதிரி தட்டையாக வரும். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பள்ளிக்கூடமும் அந்தக் காய்ச்சலோடு நின்றுபோனதால், எண் கணக்கில் புலியாக இருந்தாலும், ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குப் பாதிச் சட்டை தைத்துவிடலாம் போலிருக்கும். அதனால் எழுதிக் காட்டுகிற வேலையெல்லாம் அவரிடம் செல்லாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்.

அதிலும் எல்லா உதட்டையும் அல்ல. அடர்த்தியான மீசை வைத்தவர்களோடு அவருக்கு ஒத்துவராது. முணுமுணுப்பவர்கள், பேச்சு நடுவில் தலையைத் திருப்புகிறவர்கள், எதையாவது மென்றுகொண்டே பேசுகிறவர்கள், எல்லோரும் அவருக்கு அரைகுறைதான். மனைவியின் வாய் மட்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாடிக்கையாளர் சொல்வதை அவள் கேட்டு, அப்படியே திரும்பி, சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பாள். தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து அவர் தலையை ஆட்டுவார். "கழுத்து இறக்கமா வேணுமாம், ஆனா அவங்க மாமியாருக்குப் பிடிக்காதாம், நடுவுல ஏதாவது பண்ணுங்க" என்பது வரைக்கும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். வந்தவருக்கு ஒன்றும் தெரியாது.

முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை. மற்ற வீடுகளில் 'என்னங்க' என்று கூப்பிடுகிற இடத்தில் அவள் விளக்குச் சுவிட்சை இரண்டு தடவை தட்டுவாள். விளக்கை அணைத்துவிட்டால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சண்டையில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எட்டிச் சுவிட்சை அணைத்துவிடுவாள். இருட்டில் அவர் பாட்டுக்குத் தட்டையான குரலில் நியாயம் பேசிக்கொண்டிருப்பார். அவளும் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில், மழை விட்ட ஒரு வாரத்தில், அவளுக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு வலி வந்தது. சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அடுத்த நாள் மெஷின் ஓடுகிற சத்தம் வலது காதில் மட்டும் தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்டது. மெஷினருகே போய் அவர் தோளைத் தொட்டு, "உங்க மெஷின் இவ்ளோ சத்தம் போடுமா?" என்று கேட்டாள். "போடுதா? யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்று சொல்லிவிட்டு அவர் எண்ணெய் விட எழுந்தார். சாப்பிட்ட சாப்பாடும் அன்றைக்கு மண் மாதிரி இருந்தது. உப்பு போட மறந்துவிட்டோமோ என்று அவள் இரண்டு தடவை உப்பு போட்டாள். அவர் நிறையத் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக ஒழுகி ரவிக்கையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். அடுப்படிக்கு வந்து விளக்குச் சுவிட்சைத் தட்டி, "காப்பி ஆறுது, வாங்க" என்றாள்.

அவர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன சொன்ன?"

"காப்பி."

"திரும்பச் சொல்லு."

"காப்பிங்க. காலையிலயே என்ன?"

அவர் கிட்டே வந்து அவள் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். துணியில் நூல் ஓடுகிற திசையைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் வாய் ஒரு பக்கம் நடக்கல" என்றார்.

அவள் கண்ணாடிக்கு ஓடினாள். இடது பக்கம் அவளுடைய முகம்தான். வலது பக்கத்தை யாரோ கீழ்ப்பக்கமாகப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. நெற்றியில் கோடே இல்லை. கண் மூடவில்லை. மூடு மூடு என்று அவள் கட்டளை போட்டபோது இடது கண் மட்டும் மூடியது. வலது கண்ணில் கருவிழி மேலே போய் வெள்ளை தெரிந்ததைப் பின்னாலேயே வந்து நின்ற அவர்தான் பார்த்தார்.

எதிர்த்தெரு இஸ்திரிக்காரருக்குப் பக்கவாதம் இப்படித்தான் ஒரு காலையில் வாயில் ஆரம்பித்தது. அது அவர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அவர் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு, கடைக் கதவைத் திறக்காமலேயே தெருவுக்கு ஓடி ஒரு வண்டியைப் பிடித்து வந்தார். பொத்தான் மாற்றிப் போட்ட தையல்காரரை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராக அனுப்பினார்கள். முகமூடி போட்ட ஒரு டாக்டரம்மா வந்தார். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், காலால் தன் கையைத் தள்ளச் சொன்னார், நேராக நடக்கவிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, "புருவத்தத் தூக்குங்க. ஆச்சரியமாப் பாக்கிற மாதிரி" என்றார்.

இடது புருவம் ஏறியது. வலது புருவம் அசையவில்லை.

டாக்டரம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. காதுக்குள் விளக்கடித்துக் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார். சர்க்கரை இருக்கிறதா என்று விரலில் குத்திச் சோதித்தார். அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

"பயந்துட்டீங்க இல்ல? பக்கவாதம்னா பெரும்பாலும் நெத்தி தப்பிச்சுடும், வாய்தான் கோணும். உங்களுக்கு நெத்தி, கண்ணு, வாய் மூணும் சேர்ந்து நின்னுருக்கு. கை காலு நல்லா இருக்கு. இது மூளை இல்ல, முகத்து நரம்பு. வந்தவுடனே வந்தீங்க பாருங்க, அது ரொம்ப நல்லதாப் போச்சு."

"எதனால டாக்டர்? போன வாரம் பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து வந்தேன். காத்து அப்படி அடிச்சுது."

"ஜன்னலோரம் உக்காந்தவங்களுக்கெல்லாம் வரதுன்னா பஸ்ஸே ஓடாதும்மா. நிச்சயமா இதுதான்னு சொல்ல முடியல. எப்பவோ வந்த வைரஸ் ஒண்ணு உடம்புல தூங்கிட்டு இருந்து முழிச்சுக்கும்னு நினைக்கிறோம். இந்த நரம்பு காதுக்குப் பின்னாடி எலும்புக்குள்ள ஒரு குறுகலான வழியா வருது. அங்க வீங்கிடுச்சுன்னா இடம் பத்தாம நசுங்கிடும். நசுங்கினா முகத்துக்கு உத்தரவு போய்ச் சேராது. நாக்கு ருசி, காதுல சத்தம் எல்லாத்துலயும் அதுக்குக் கொஞ்சம் கொஞ்சம் வேலை இருக்கு."

இத்தனை நேரமும் தையல்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு முகமூடி. மனைவிக்குப் பாதி வாய். சுற்றியும் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் பேசினால் குரலின் அளவு அவருக்குத் தெரியாது.

"சாவாளா?" என்றார்.

அந்தக் கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். மனைவிதான் டாக்டரிடம், "அவருக்குக் காது கேக்காது. வாயப் பாத்துதான் புரிஞ்சுப்பாரு" என்றாள். சொல்லும்போதே வலது ஓரத்தில் எச்சில் வழிந்தது.

டாக்டரம்மா முகமூடியைக் கீழே இழுத்தார். அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "மாட்டாங்க" என்றார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, "சரியாயிடும். கொஞ்ச மாசம் ஆகலாம். நிறையப் பேருக்கு முழுசாவே சரியாயிடும்" என்றார்.

தையல்காரர் தலையை ஆட்டினார். அப்போதுதான் தன் சட்டையைக் குனிந்து பார்த்து, பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தார்.

வீக்கம் வடிய ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போட வேண்டும், சொன்ன நாள்வரைக்கும் போட வேண்டும், நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. "மாத்திரைய விட எனக்குக் கண்ணுதான் கவலை" என்று டாக்டரம்மா சொன்னார். "மூடாத கண்ணு காய்ஞ்சு புண்ணாயிடும். அப்புறம் முகம் சரியானாலும் பார்வை கெட்டுப்போயிடும். பகல்ல சொட்டு மருந்து, வெளிய போனாக் கண்ணாடி. படுக்கும்போது களிம்பு போட்டு, இமைய மூடி, பிளாஸ்திரி ஒட்டணும். கண்ணு சிவந்தாலோ வலிச்சாலோ அன்னைக்கே வந்துடுங்க."

பிளாஸ்திரி ஒட்டுகிற வேலையைத் தையல்காரர் எடுத்துக்கொண்டார். குண்டூசியும் பட்டும் பழகிய கை. இமையில் ஒரு முடிகூட மடங்காமல் ஒட்டுவார். ஒட்டி முடித்ததும் கொஞ்சம் தள்ளி நின்று ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

அடுத்த தெருவிலிருந்த அவளுடைய அக்கா, விஷயம் காதில் விழுந்த மறு நிமிஷம் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து இறங்கினாள்.

"காத்துதான். டாக்டருக்கு என்ன தெரியும் காத்தப் பத்தி? ஃபேனுக்கு நேரா படுக்காதன்னு நான் எத்தன தடவ சொன்னேன். சரி, அதுவும் இல்லன்னா கண்ணு பட்டிருக்கு. இந்த வாய் பேசின பேச்சுக்குக் கண்ணு படாம என்ன செய்யும்?"

"அக்கா, எலும்புக்குள்ள நரம்பு வீங்கியிருக்கு. பாவாடை நாடா மாதிரின்னு வெச்சுக்கோயேன். மடிப்பு சின்னதா இருந்து நாடா தடியா இருந்தா உள்ளயே மாட்டிக்கும்ல, அது மாதிரி."

"அப்ப மடிப்பப் பிரிச்சு விட வேண்டியதுதான?"

"மண்டையவா பிரிப்பாங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு எண்ணெயைக் கொதிக்க வைக்கப் போனாள். சூடாக எதுவும் வைக்கக் கூடாது, மெதுவாகத் தடவினால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொல்லி, அவள் அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வெறும் விரலால் கன்னத்தைத் தடவிக்கொண்டே அக்கா அழுதாள். அழுகிற அக்காவைத் தேற்ற வேண்டியதாயிற்று.

மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பிவிட்டது. சாப்பிட்டால் பாதி வலது கன்னத்துக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும். விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். தூக்கமும் சரியாக வரவில்லை. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கடையில் நிற்பதுதான் முடியவில்லை. வந்தவர்கள் அவள் வலது கன்னத்தைப் பார்ப்பார்கள், சட்டென்று துணியைப் பார்ப்பார்கள், மறுபடி கன்னத்தைப் பார்ப்பார்கள். விஷயம் தெரியாத ஒரு பெண், "என்னக்கா, எம்மேல கோவமா?" என்று கேட்டாள். இவள் சிரிக்க முயன்றதுதான் அப்படித் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவள் முகமூடி போட்டுக்கொண்டாள். கேட்டவர்களுக்குத் துணித்தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பதில். பேச்சும் குறைந்தது. ப, ம என்று உதடு சேர வேண்டிய எழுத்தெல்லாம் காற்றாகப் போனது. அதைத் தன் காதால் கேட்க அவளுக்கே பிடிக்கவில்லை. "ரேடியோ ரிப்பேர் போல" என்று பக்கத்துப் பழக்கடைக்காரர் கேலி பண்ணினார். பதிலுக்குப் பத்து வார்த்தை விடுகிறவள், தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டபோது, கேமரா கெட்டுப்போய்விட்டது என்று ஒரு பொய் சொன்னாள்.

கடையை மூடி உள்ளே வந்த பிறகும் முகமூடியைக் கழற்றுவதில்லை. சாப்பிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவாள். கணவர் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள். அவர் பாவம், சாதாரணமாக வாய் திறக்காத மனிதர், அந்த நாட்களில் அவரே பேச ஆரம்பித்தார். நூல் விலை, பக்கத்துக் கடையில் வந்திருக்கும் புது பல்பு, மெஷினின் பெல்ட் என்று எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அங்கே நீலத் துணிதான் இருக்கும்.

இப்படி இருக்கையில்தான் பேக்கரிக்காரர் சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டுப் போனார். பழைய வாடிக்கை. அளவெல்லாம் கடையில் இருக்கிறது. "அதே மாதிரி தெச்சுடுங்கக்கா. பை மட்டும் வேணாம்" என்றார். அவள் உள்ளே திரும்பி, முகமூடியை ஒரு நொடி கீழே இறக்கி, "பேக்கரிக்காரர் சட்டை. பழைய அளவு. பை வேண்டாமாம்" என்று உதட்டை அசைத்துவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டாள். தையல்காரர் ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினார். பிறகு தலையை ஆட்டினார்.

வாங்கிப்போக வந்த அன்று பேக்கரிக்காரர் சட்டையை விரித்துத் தூக்கிப் பிடித்தார். முன்னாலும் பார்த்தார். திருப்பிப் பின்னாலும் பார்த்தார்.

"அக்கா, நான் பைதான வேணாம்னு சொன்னேன்?"

"ஆமா."

"பை இருக்கு. ரெண்டு கையும்தான் காணோம்."

இருந்தது. இடது மார்பில், துணியின் கோடு கோட்டோடு சேர, ஒரு அருமையான பை. தோளுக்கு இரண்டு பக்கமும் சுத்தமாக மடித்துத் தைத்த இரண்டு வட்டம். அவ்வளவுதான்.

தையல்காரர் எழுந்து வந்தார். பேக்கரிக்காரர் மீசை இல்லாத மனிதர், பேச்சும் நிதானம், அதனால் அவருக்கு விஷயம் உடனே பிடிபட்டது. "பையா சொன்னீங்க? கை வேண்டாம்னுல்ல இவ சொன்னா. அடுப்புகிட்ட நிக்கிற ஆள், சூடு தாங்காமக் கேட்டிருப்பாருன்னு நினைச்சேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பை ஏன் வேணாம்?" என்று கேட்டார்.

"மாவு போய் ரொம்பிடுது."

அவளுக்கு முதலில் வியர்த்தது. அப்புறம் அந்தச் சட்டையைப் பார்த்தாள். கை இல்லாமல், நெஞ்சில் மாவு அள்ள வாகான ஒரு பையோடு, அது மேசையில் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குள் எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள். முகமூடி காதிலிருந்து நழுவியது. பாதி வாயால் சிரித்தாள், பாதி வாய் சும்மா தொங்கியது, எச்சில் வழிந்தது. பேக்கரிக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "இப்படியே போட்டுட்டு நின்னேன்னா எம்பொண்டாட்டி கடைக்கே வரமாட்டா. மிச்சத் துணி இருந்தா கைய மட்டும் வெச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து கத்தரியை எடுத்தார். எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்தார்.

"இத்தன வருஷத்துல நான் ஒரு சட்டையக் கூட மாத்தித் தெச்சதில்ல."

அவள் முகமூடியைச் சரியாக மாட்டிக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"கழட்டிட்டுச் சொல்லு."

கழற்றினாள். "கோணிக்கிட்டு இருக்கு. அத நீங்க பாக்க வேணாம்னுதான்."

அவருக்குப் பாதிதான் புரிந்தது. திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் அதற்குள் புரிந்துவிட்டது.

"கோணினா என்ன? கோணலையும் படிச்சுக்குவேன்" என்றார். "துணிய வெட்டத் தெரியும், தெக்கத் தெரியும். துணியப் படிக்க எனக்குத் தெரியாது. நீ அதப் போட்டுக்கிட்ட நாள்லேர்ந்து இந்த வீட்டுல எங்கூடப் பேச ஒரு ஆளில்ல."

அவள் முகமூடியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வாடிக்கையாளர்கள் பார்ப்பதைத்தான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். தன் வாய் மூடினால் அவருக்கு இன்னொரு தடவை காது போய்விடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் அவர் ஒருவரே மெஷினைத் தம் பிடித்து நகர்த்திக் கடையின் மறு ஓரத்துக்குக் கொண்டுபோனார். பழைய இடத்திலிருந்து பார்த்தால் அவளுடைய வலது பக்கம்தான் தெரியும். புது இடத்தில் இடது பக்கம். வெளிச்சம் அங்கே கொஞ்சம் கம்மி. அதற்காக அந்தப் புது பல்பை வாங்கி வந்தார்.

அவளுடைய மிச்ச வாயை அவர் படிக்க ஆரம்பித்தார். கடை ஓய்ந்த நேரத்தில் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்வார். "பால் வாங்கணும்" என்றாள். "கால் வாங்கணுமா?" என்றார். "மாடி" என்றாள். "ஆடியா? ஆடிக்கு என்ன?" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஆஸ்பத்திரியில் முகப்பயிற்சி சொல்லித் தருகிற பிசியோதெரபிஸ்ட் ஒரு வழி சொன்னார்: வலது உதட்டோரத்தை ஒரு விரலால் லேசாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பேசினால் உதடு சேரும். அவள் அப்படியே செய்தாள். ப வந்தது, ம வந்தது. விரலை உதட்டில் வைத்தபடி அவள் விலை சொல்லும்போது, ஏதோ யோசித்துச் சொல்கிறாள் என்று நினைத்து ஆட்கள் பேரம் பேச ஆரம்பித்ததுதான் ஒரே தொல்லை.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் அதிகம் பேசாத மனிதர். அவள் முதல் நாள் கண்ணாடி முன்னால் முழு பலத்தோடு வாயை இழுத்துக் காட்டியபோது கையைத் தூக்கித் தடுத்தார்.

"பெரிசா இழுக்காதீங்க. வேலை செய்யாத பக்கத்த அதட்டினா அது கேக்காது. நல்ல பக்கம்தான் இன்னும் எகிறும். நல்ல பக்கத்தக் கையால அடக்கிட்டு, இந்தப் பக்கத்துக்கு நினைப்ப மட்டும் அனுப்புங்க. அசையலன்னாப் பரவாயில்ல."

நினைப்பை அனுப்பினாள். காலையிலும் சாயங்காலமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மூக்கைச் சுளிக்கிற நினைப்பு, முத்தம் கொடுக்கிற நினைப்பு, கண்ணை மூடுகிற நினைப்பு. ஒன்றும் போய்ச் சேரவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு, "சும்மா உக்காந்திருக்கியே, ஏதாவது பண்ணேன்" என்பாள். மாத்திரையும் முடிந்துவிட்டது. முகம் அப்படியேதான் இருந்தது. இதுதான் இனிமேல் என் முகம் போல என்று அவள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டு வந்தாள். மகளிடம் உண்மையைச் சொல்லி, கேமராவைத் திறந்து காட்டினாள். மகள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "இதுக்காம்மா இத்தன நாளா கேமரா கெட்டுப்போயிருந்துச்சு?" என்று அழுதாள், திட்டினாள், அப்புறம் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள்.

மகள் ஊருக்குப் போன சில நாட்களில், காலைப் பயிற்சியின்போது, கழுத்தில் அளவு நாடாவோடு பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர், "நில்லு" என்றார்.

"என்ன?"

"அசைஞ்சுது."

"எங்க?"

"மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவுல. இங்க. திரும்பப் பண்ணு."

அவள் திரும்பச் செய்தாள். கண்ணாடியில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. "உங்க ஆசை, வேறொண்ணும் இல்ல" என்றாள். அவர் விவாதம் பண்ணவில்லை, வேலைக்குப் போய்விட்டார். அந்த வாரக் கடைசியில் அவளுக்கே தெரிந்தது. காற்றில் நூல் ஆடுகிற அளவுக்கு ஒரு அசைவு. கடையில் ஆள் இருந்தது. இருந்தும் சுவிட்சை இரண்டு தடவை தட்டினாள். வந்தவர் பார்க்க, வராதவர் பார்க்க, மூக்கைச் சுளித்துச் சுளித்துக் காட்டினாள்.

அதற்கப்புறம் ஒரேயடியாக வந்துவிடவில்லை. கன்னம் முதலில் வந்தது. கண் மூட வந்தபோது பிளாஸ்திரிக்கு விடுதலை கிடைத்தது. தையல்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். உதடு கடைசியில் வந்தது. விரல் இல்லாமல் ப சொன்ன அன்று அவள் பழக்கடைக்காரரைத் தேடிப் போய், பப்பாளி, பலா, மாதுளை, மாம்பழம் என்று கடையிலிருந்ததும் இல்லாததுமாக எல்லாவற்றையும் விலை கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தாள். ரேடியோ ஓட ஆரம்பித்துவிட்டது என்று தெரு புரிந்துகொண்டது.

முழுசாகப் பழையபடி ஆகவில்லை. நெற்றியின் வலது பக்கம் இன்னும் சோம்பேறிதான். உதடு குவிகிறபோது வலது கண் தானாகச் சுருங்கும். நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் வழி மாறிப் போய்விடும், அதற்கும் பயிற்சி உண்டு, மெதுவாகப் பிரித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அந்தப் பயிற்சியும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள், "அக்கா பொத்தான்னு சொன்னாலே கண்ணடிக்கிறாங்க" என்று ஒரு கல்லூரிப் பையன் கிளப்பிவிட்டது தெரு முழுக்கப் பரவிவிட்டது. தையல்காரர் மெஷினைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. புது இடம் பழகிவிட்டது என்கிறார்.

ஒரு மத்தியானம் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எதிரில் உட்கார்ந்து, காலையில் வந்துபோன ஒரு வாடிக்கையாளரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஏன் அழற?"

"நான் எங்க அழறேன்?"

"கண்ணுல தண்ணி வருது. வலது கண்ணுல."

அவள் புறங்கையால் துடைத்துப் பார்த்தாள். வந்திருந்தது. ஒரு வாய் மென்றாள். மறுபடி வந்தது. மெல்லுவதை நிறுத்தினாள். நின்றது. போன தடவை டாக்டரம்மா இதைப் பற்றியும் சொல்லியிருந்தார். தனக்கு அது வராது என்று நினைத்து அவள் மறந்துபோயிருந்தாள்.

"இதுவும் வழி மாறினதுதானாம்" என்று அவள் விளக்கினாள். "எச்சில் ஊறறதுக்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துடுமாம் சில பேருக்கு. சாப்பிட்டா கண்ணுல தண்ணி வரும். ஆபத்து ஒண்ணும் இல்ல. ரொம்பத் தொந்தரவா இருந்தா வந்து சொல்லச் சொல்லியிருக்காங்க."

அவர் அவள் தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் போடவா?"

"எதுக்கு, அழவெச்சுப் பாக்கவா?"

"நல்லா இருக்குதா இல்லையான்னு இனிமே உங்கிட்டக் கேக்க வேணாமே. கண்ணப் பாத்தாத் தெரிஞ்சுடும்."

"சமைச்சது நானு" என்றாள் அவள்.

அவர் தன் கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அந்த வாடிக்கையாளரின் கதையைத் தொடர்ந்தாள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய கட்டம். மென்றாள், பேசினாள், துடைத்தாள், மறுபடி பேசினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.